டேப் வரிசை

டேப் வரிசை என்பது கணினிப் படிவம் ஒன்றில் டேப் விசையை அழுத்தும்போது விசைப்பலகைக் குவியம் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குச் செல்லும் ஒழுங்கு ஆகும். தட்டச்சு செய்யும் எழுத்து எந்தக் கட்டத்தில் விழுமோ, அந்தக் கட்டத்தில் குவியம் உள்ளது எனப்படும். ஷிப்ட் விசையுடன் டேப் விசையை அழுத்தினால் குவியம் பின்னோக்கிச் செல்லும்.

பயன்பாடு

தாளைப் பார்த்துத் தரவு உள்ளிடுவோர் திரையை அவ்வப்போது மட்டுமே பார்ப்பர். அவர்களது கை விசைப்பலகையை விட்டு நீங்கினால் வேலை தடைப்படும். இந்தியாவில் பரவலாகப் பயன்படும் டேலி கணக்கு மென்பொருளில் எண்டர் விசையே அடுத்த கட்டத்துக்கு அழைத்துச் செல்கிறது. இதனால் சுட்டியைத் தொடாமலே வவுச்சரைப் பதிய முடிகிறது.

வரிசை குலையும் விதம்

விண்டோஸ் ஃபார்ம்ஸ் முறையில் ஒவ்வொரு உறுப்புக்கும் 'டேப் இன்டெக்ஸ்' என்னும் எண் உண்டு. எண்ணிக்கை 0 முதல் தொடங்கும். நிரலர் உறுப்புகளைச் சேர்க்கும் வரிசையிலேயே இந்த எண்கள் தாமாக அமைகின்றன.

எடுத்துக்காட்டாக, பெயர், ஊர், மாவட்டம், அஞ்சல் குறியீடு என ஒரு முகவரிப் படிவம் முதலில் உருவாக்கப்படுகிறது எனக் கொள்வோம். பின்னர் ஊருக்கும் மாவட்டத்துக்கும் நடுவில் 'வட்டம்' சேர்க்கப்படுகிறது. திரையில் அது சரியான இடத்தில் தெரியும். ஆனால் அதன் எண் கடைசி எண்ணாக இருக்கும். ஊர்க் கட்டத்தில் 'மங்கலம்பேட்டை' என உள்ளிட்டு டேப் விசையை அழுத்துபவர் அடுத்து 'விருத்தாசலம்' என்று தட்டச்சு செய்தால், அது மாவட்டக் கட்டத்தில் விழும். அடுத்து வரும் 'கடலூர்' அஞ்சல் குறியீட்டுக் கட்டத்துக்குப் போகும். அங்கு எண் மட்டுமே ஏற்கப்படும் என்ற சரிபார்ப்பு இல்லையெனில், பிழை தெரியாமலே பதிவாகிவிடும்.

பார்வையற்றோரும் டேப் வரிசையும்

பார்வையற்றோர் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்களின் துணையுடன் படிவங்களை நிரப்புகின்றனர். அவர்களுக்குக் கட்டங்களின் இருப்பிடம் தெரியாது. குவியம் செல்லும் வரிசையே படிவத்தின் அமைப்பாகும். விண்டோஸ் ஃபார்ம்ஸில் உரைக்கட்டத்துக்குத் தனியே பெயர் தரப்படாதபோது, டேப் வரிசையில் அதற்கு முன்னுள்ள லேபிளே அதன் பெயராகக் கொள்ளப்படுகிறது. எனவே வரிசை தவறினால் கட்டத்தின் பெயரும் தவறாக ஒலிக்கும்.

குவியப் பொறி

தவறான தரவு இருக்கும்வரை கட்டத்தை விட்டு வெளியேற விடாத சரிபார்ப்பு, பயனரைச் சிக்க வைத்துவிடும். 'ரத்து' பொத்தானையும் அவர் அடைய முடியாமல் போகலாம். அப்பொத்தானின் 'காசஸ் வேலிடேஷன்' பண்பை 'ஃபால்ஸ்' ஆக்கினால் இச்சிக்கல் தீரும். இத்தகைய பொறி கூடாது என்பதும், குவியம் பொருள் தரும் வரிசையில் செல்ல வேண்டும் என்பதும் 2008-இல் வெளியான வலை அணுகல் வழிகாட்டி நெறிகளின் 2.0 பதிப்பில் உள்ளன. அவை வலைப்பக்கங்களுக்காக எழுதப்பட்டவை எனினும், கணினியில் நிறுவும் மென்பொருளுக்கும் இவ்விரு நெறிகளும் பொருந்தும்.

சோதனை முறை

விஷுவல் ஸ்டுடியோவின் 'வியூ' பட்டியலில் உள்ள 'டேப் ஆர்டர்' எண்களைத் திரையில் காட்டும். உறுப்புகளை உரிய வரிசையில் சொடுக்கி அவற்றை மாற்றலாம். கியூட்டி நிரலகத்தில் 'செட்டேப்ஆர்டர்' என்னும் செயற்கூறு இதற்கு உதவுகிறது. புதிய கட்டம் சேர்க்கும் ஒவ்வொரு முறையும், சுட்டியைக் கழற்றிவிட்டுப் படிவம் முழுவதையும் ஒருமுறை நிரப்பிப் பார்ப்பதே எளிய சோதனையாகும்.