இருமலையும் மூட்டு வலியையும் சேர்த்தே சொல்லுங்கள்!

ராயபுரம் பக்கம் குடியிருக்கும் சகோதரிகளுக்கு நிலக்கரித் தூசி புதிதல்ல. துறைமுகத்தில் கரி இறங்கிய காலத்தில், மாடியில் உலர்த்திய வெள்ளைத் துணி சாயங்காலம் சாம்பல் நிறமாகிவிடும். உயர்நீதிமன்ற உத்தரவால் 2011-ல் அது நின்று, கரி எண்ணூர் துறைமுகத்துக்குப் போய்விட்டது. ஆனால் வருஷக்கணக்காக அந்தத் தூசியிலேயே உழைத்தவர்களின் நுரையீரலில் படிந்தது படிந்ததுதான்.

எங்கள் உறவில் ஒரு பெரியவர் அப்படிக் கரி இறக்கியவர். இருமலுக்கு ஒரு டாக்டர், விரல் வீக்கத்துக்கு இன்னொரு டாக்டர். “வயசானா கை கால் வலிக்காதா?” என்பார் அவர் மனைவி. எக்ஸ்ரேயில் உருண்டையாகப் புள்ளிகள் தெரிந்ததும், காசநோயோ புற்றுநோயோ என்று வீடே கலங்கிப் போயிற்று. சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இல்லை. அப்புறம்தான் ஒரு டாக்டர், “என்ன வேலை பார்த்தீங்க? காலையில விரலை மடக்க முடியுதா?” என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டார்.

இதற்கு ‘காப்ளான் சிண்ட்ரோம்’ என்று பெயர். வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களிடம் இதைக் கண்ட டாக்டர் காப்ளான், 1953-ல் எழுதி வெளியிட்டார். முடக்குவாதம் என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய். அது உள்ளவர் நுரையீரலில் தூசியும் சேர்ந்தால், அரை சென்டிமீட்டர் முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை முடிச்சுகள் உண்டாகலாம். சிலருக்கு மூட்டு வலிக்கு முன்பே இவை தெரியும். கரி மட்டுமல்ல; ஃபவுண்டரி மணல், கல் தூள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியாலும் வரலாம். அபூர்வமான நோய்தான், ஆனாலும் அலட்சியம் கூடாது.

ஏன் சேர்த்துச் சொல்ல வேண்டும்? முடக்குவாத மருந்துகள் சில எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். உள்ளே காசநோய் ஒளிந்திருந்தால் தலைதூக்கும். ஆகவே நுரையீரலைப் பார்த்துவிட்டுத்தான் மருந்து தொடங்குவார்கள்.

நாம் செய்ய வேண்டியவை:

* எந்த ஆலையில், என்ன வேலை, எத்தனை வருஷம் என்று ஒரு தாளில் எழுதி, பழைய எக்ஸ்ரேக்களோடு கொண்டு போங்கள்.

* காலையில் விரல்கள் ஒரு மணி நேரம் விறைத்திருந்தால், இரு கை மூட்டுகளும் வீங்கினால், தைலத்தோடு நிறுத்தாதீர்கள்.

* வேலைத் துணியை வீட்டுக்குள் உதறாமல், தனியே நனைத்துத் துவையுங்கள். அந்தத் தூசி நமக்கும் குழந்தைகளுக்கும் ஆகாது.

* பீடி, சிகரெட்டை நிறுத்தச் சொல்லுங்கள். அது மூட்டு, நுரையீரல் இரண்டுக்குமே பகை.

படிந்த தூசியை எடுக்க மருந்து கிடையாது. ஆனால் முடக்குவாதத்தைச் சீக்கிரம் கவனித்தால், விரல்கள் கோணாமல் காப்பாற்றலாம்.