கோழிக்குஞ்சு கழியுதா? கைவைத்தியத்துக்கு முன்னாடி எச்சத்தைப் பாருங்க!

புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களில் நாட்டுக்கோழிக் குஞ்சு கழிந்தால், முதலில் கை போவது அஞ்சறைப் பெட்டிக்குத்தான். ஆனால் எல்லாக் கழிச்சலும் ஒன்றல்ல.

முதல் வாரக் குஞ்சின் பின்புறம் எச்சம் காய்ந்து ஒட்டியிருக்கா? குளிர் காரணமாக இருக்கலாம். பிய்க்காதீங்க, தோல் கிழிஞ்சிடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடைத்து, ஈரம் போக ஒற்றி, பல்பு சூட்டில் விடுங்க. சுமார் 35 டிகிரி கதகதப்பு வேணும். இது வீட்டிலேயே முடியும்.

3 வாரத்துக்கு மேல் எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் ரத்தக் கழிச்சலாக இருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரமான கூட்டில் இந்த ஒட்டுண்ணி வேகமா பெருகும். மருந்து இருக்கு, அன்றைக்கே கால்நடை மருந்தகம் போகணும்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்தும் திருகினால் ராணிக்கெட் சந்தேகம். வந்த பிறகு குணமாக்க மருந்தே கிடையாது. 7-ம் நாள் கண்ணிலோ மூக்கிலோ விடும் தடுப்புச் சொட்டுதான் காப்பு. நோயுற்ற குஞ்சை உடனே தனியாப் பிரிச்சிடுங்க.