‘மிஸ்’ – ஒரு சொல், பல பொருள்

பாடசாலையில் ஆசிரியையை ‘மிஸ்’ என்று அழைத்துப் பழகியவர்கள் நாம். அதே ஓசையில் ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லும் உண்டு. ஓசை ஒன்றானாலும் இரண்டும் வெவ்வேறு சொற்கள். வினைச்சொல்லின் பழைய பொருள் குறி தவறுதல். எட்ட வேண்டியது எட்டாமற் போவது என்ற இந்தக் கருத்திலிருந்தே மற்றப் பொருள்களும் கிளைத்தன.

கல்முனையிலிருந்து கொழும்புக்குப் புறப்படும் பஸ்ஸை நீங்கள் தவறவிட்டால், ‘ஐ மிஸ்ட் த பஸ்’ என்பீர்கள். வகுப்புக்குப் போகாவிட்டால், ‘ஐ மிஸ்ட் த கிளாஸ்’ என்பீர்கள்.

கத்தாரில் தொழில் புரியும் வாப்பாவுக்கு மகள் கடிதம் எழுதுகிறாள்: ‘ஐ மிஸ் யூ, வாப்பா.’ இங்கே தவறவிடுதல் என்று பொருள் கொள்ளலாகாது. ‘நீங்கள் அருகில் இல்லாதது மனதுக்குக் குறையாக இருக்கிறது’ என்பதே அதன் கருத்து.

இனி, நம்மவர் அடிக்கடி விடும் பிழை ஒன்று. கடவுச்சீட்டைத் தொலைத்தவர் ‘ஐ மிஸ்ட் மை பாஸ்போர்ட்’ என்கிறார். கேட்பவருக்கு, கடவுச்சீட்டைப் பிரிந்து இவர் ஏங்கினார் என்று படும்! ‘ஐ ஹாவ் லொஸ்ட் மை பாஸ்போர்ட்’ என்று சொல்லுங்கள். ‘மை பாஸ்போர்ட் இஸ் மிஸ்ஸிங்’ என்றாலும் சரியே. தொலைத்தவரைச் சொல்வது முதல் வாக்கியம். பொருளைக் காணவில்லை என்று மட்டும் சொல்வது இரண்டாவது.

இன்னொன்று: இச்சொல்லுக்குப் பின் வேறொரு வினை வந்தால் ‘டு’ சேர்க்கக் கூடாது. ‘ஐ மிஸ் டு ஈட் அட் ஹோம்’ என்பது பிழை. ‘ஐ மிஸ் ஈட்டிங் அட் ஹோம்’ என்பதே சரி.

‘மிஸ்ஸிங்’ என்ற சொல்லின் பாரத்தை நமது கரையோர மக்கள் நன்கறிவர். 2004 டிசம்பர் 26 அன்று மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஊர்களைச் சுனாமி தாக்கியபின் எத்தனையோ பெயர்களுக்கு எதிரே இச்சொல் எழுதப்பட்டது. ‘மிஸ்ஸிங்’ என்றால் காணவில்லை என்பது மட்டுமே, இறந்துவிட்டார் என்பதல்ல. அதனால்தான், அவ்வாறு காணாமற் போனோரின் மரணங்களைப் பதிவதற்கென 2005ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

ஆகவே, ஆங்கிலப் படிவம் ஒன்றை நிரப்பும்போது சற்று நின்று யோசியுங்கள். தவறவிட்டீர்களா, தொலைத்தீர்களா, காணவில்லையா? முதலில் தமிழில் தெளிந்துகொள்ளுங்கள்; ஏற்ற ஆங்கிலச் சொல் பின்னாலேயே வரும்.