கொள்கலனில் இயங்கும் இணைய வழங்கியும் இயல்பிருப்புப் பாதுகாப்பும்: முத்துக்குளித்துறை ஆவணத் தளம் ஒன்றனை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்த்துறைகள் திரட்டும் வாய்மொழிப் பதிவுகளும் ஆவணங்களும் இணையத்தில் வைக்கப்படும்போது, அவற்றின் பாதுகாப்பு பெரும்பாலும் மென்பொருளின் இயல்பிருப்பு அமைப்புகளையே சார்ந்து நிற்கின்றது. தூத்துக்குடி முத்துக்குளித்தல் தொடர்பான சிறு ஆவணத் தளம் ஒன்றனை எடுத்துக்காட்டாகக் கொண்டு, கொள்கலன் முறையில் இணைய வழங்கியை அமைக்கும் நெறியை இக்கட்டுரை விளக்குகின்றது. கொள்கலன் தன்னளவில் பாதுகாப்பு ஆகாது என்பதும், அதன் இயல்பிருப்புகளுள் எவற்றை மாற்ற வேண்டும் என்பதும் இதன் மையக் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: கொள்கலன், இணைய வழங்கி, இயல்பிருப்பு, இணைப்புத்துறை, படிமம், முத்துக்குளித்தல்

முன்னுரை

மன்னார் வளைகுடாவின் இந்தியக் கரையில் அரசு மேற்பார்வையில் முத்துக்குளித்தல் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நிகழ்ந்து, அத்துடன் நின்றுபோயிற்று. 1961இல் இருபது வயதில் கடலில் மூழ்கியவர் இன்று எண்பதைக் கடந்தவர். ஜேம்ஸ் ஹார்னெல் போன்ற அலுவலர்கள் எழுதிய அறிக்கைகள் நூலகங்களில் உள்ளன. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1987இல் வெளியிட்ட, முத்து வளர்ப்பைப் பற்றிய 39ஆம் புல்லெட்டினை அந்நிறுவனத்தின் திறந்த இணைய ஆவணகத்தில் எவரும் படிக்கலாம். ஆனால், மூழ்கியவருக்கும் படகில் கயிறு பிடித்தவருக்கும் இடையிலான நம்பிக்கையை மூழ்கியவர் தம் சொல்லிலேயே கூறும் குரல் அறிக்கைகளில் இல்லை. அக்குரலை இனி ஒருமுறைதான் பதிவு செய்ய இயலும்.

கடற்கரைக் கல்லூரி ஒன்றின் தமிழ்த்துறை இத்தகைய பதிவுகளைத் திரட்டித் தளமாக்க முனைவதாகக் கொள்வோம். அதற்கு இருவகை இடர்கள் உண்டு. ஒன்று, பதிவுகள் அழிதல். மற்றொன்று, வெளியிடமாட்டோம் என்று வாக்களித்துப் பெற்ற பகுதிகள், அதாவது குடும்பக் கடன், ஊர்ப்பூசல், நோய் பற்றிய பேச்சுகள், வெளிப்பட்டுவிடுதல். இரண்டாவது நேர்ந்தால் அத்துறையின் மாணவருக்கு மட்டுமன்றி, அடுத்து வரும் எந்த ஆய்வாளருக்கும் அவ்வூரில் வாய் திறப்பார் அரிது.

கல்லூரிகளில் வழங்கி மேலாண்மைக்கெனத் தனிப் பணியிடம் இருப்பது குறைவு. கணினி தெரிந்த விரிவுரையாளர் ஒருவரின் தோளில் அப்பொறுப்பு விழுகின்றது. அவர் நிறுவல் வழிகாட்டியைப் பின்பற்றுவார். தளம் திரையில் தோன்றியதும் வகுப்பிற்குச் சென்றுவிடுவார். எனவே, அவர் மாற்றாமல் விட்ட அமைப்புகளே தளத்தின் பாதுகாப்புக் கொள்கையாக நிலைபெறுகின்றன. பயனர் எதனையும் தேர்ந்தெடுக்காதபோது மென்பொருள் தானே மேற்கொள்ளும் இவ்வமைப்பையே இக்கட்டுரை இயல்பிருப்பு என்று குறிக்கின்றது.

இயல்பிருப்பின் விளைவுக்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மாங்கோடிபி என்னும் தரவுத்தளம், கடவுச்சொல் கேளாமல் எல்லா வலைப்பின்னல் முகவரிகளிலும் காத்திருக்கும் வகையில் நெடுங்காலம் பல இடங்களில் நிறுவப்பட்டு வந்தது. 2017 சனவரியில் இவ்வாறு திறந்துகிடந்த பல்லாயிரம் தரவுத்தளங்களை அழித்துப் பணயப்பணம் கேட்டனர். அங்கு எவரும் பூட்டை உடைக்கவில்லை, பூட்டே இல்லை. அதே ஆண்டு இறுதியில் வந்த 3.6ஆம் பதிப்பு, தான் இயங்கும் கணினிக்குள்ளிருந்து மட்டுமே அணுகக்கூடியதாக இயல்பிருப்பை மாற்றியது.

தோணியிலிருந்து கொள்கலனுக்கு

கொள்கலன் என்ற சொல் கணினித்துறைக்குத் துறைமுகத்திலிருந்தே வந்தது. தூத்துக்குடியில் ஆழ்கடல் துறைமுகம் அமைவதற்கு முன், கரையோரம் ஆழமின்மையால் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டன. மூட்டை மூட்டையாகச் சரக்கைத் தோணிகள் ஏற்றியிறக்கின. ஒரு மூட்டை நனைந்தால் அருகிலுள்ளதும் நனையும். ஒவ்வொன்றையும் தனித்தனியே கையாள வேண்டும். 1956 ஏப்ரல் 26 அன்று ஐடியல்-எக்ஸ் என்ற கப்பல் 58 உலோகப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்ட பயணம், கொள்கலன் போக்குவரத்தின் தொடக்கமாகக் கருதப்படுகின்றது. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, இன்று வ.உ.சிதம்பரனார் பெயர் தாங்கி நிற்கும் தூத்துக்குடித் துறைமுகமும் அப்பெட்டிகளைக் கையாளும் முனையங்களைக் கொண்டதே. பெட்டிக்குள் பருத்தி இருந்தாலும் கருவாடு இருந்தாலும் பாரந்தூக்கிக்கு வேறுபாடில்லை.

வழங்கிக் கணினியில் மென்பொருள்களை நேரடியாக நிறுவுவது தோணியில் மூட்டை அடுக்குவதைப் போன்றது. ஒன்றற்குத் தேவையான நிரல்தொகுப்பு மற்றொன்றைக் கெடுக்கும். ஒன்றனுள் நுழைந்தவர் அடுத்ததையும் தொடலாம். 2013இல் வெளிவந்த டாக்கர், ஒரு நிரலையும் அது இயங்கத் தேவையான அனைத்தையும் ஒரே பொதியாக்கிப் படிமம் என வழங்கிற்று. படிமத்திலிருந்து இயங்கும் நிகழ்வே கொள்கலன். டாக்கர் இதற்குப் பயன்படுத்திய அடிப்படைகள் புதியவை அல்ல. ஒரு நிரலின் பார்வையை ஒரு கோப்புறைக்குள் அடக்கும் முறை 1979இலேயே யூனிக்சில் இருந்தது. பெயர்வெளிப் பிரிப்பும் வள வரம்பும் பின்னர் லினக்சில் சேர்ந்தன.

உவமை ஓரிடத்தில் முறிகின்றது. ஒரே கணினியிலுள்ள கொள்கலன்கள் யாவும் அக்கணினியின் ஒரே கருவகத்தைப் பகிர்கின்றன. கப்பலின் அடித்தட்டில் ஓட்டை விழுந்தால் பெட்டிகளின் பூட்டு உதவாது. 2019 பிப்ரவரியில் வெளிப்பட்ட சிவிஇ-2019-5736 என்ற குறைபாடு, கொள்கலனுக்குள் முதன்மைப் பயனராக இயங்கும் தீய நிரலொன்று அதனை இயக்கும் ரன்சி என்ற அடிப்படை நிரலையே திருத்தியெழுதித் தாய்க்கணினியைக் கைப்பற்ற வழிதந்தது. ஆகவே, தாய்க்கணினியின் இயங்குதளத்திற்கும் கொள்கலன் இயக்கிக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக நிறுவப்படுமாறு அமைப்பது முதற்பணி.

படிமத்தின் முத்திரை

துறைமுகத்தில் கொள்கலனின் கதவில் எண்ணிட்ட முத்திரை இடப்படுகின்றது. முத்திரை குலையாதிருந்தால், பூட்டியபின் எவரும் திறக்கவில்லை என்பது உறுதி. உள்ளே வைத்த சரக்கு நல்லது என்பதற்கு அது சான்றாகாது. படிமத்திற்கும் இவ்வாறே எஸ்எச்ஏ-256 முறையில் கணிக்கப்பட்ட ஒரு சுருக்கக்குறி உண்டு. ‘லேட்டஸ்ட்’ என்ற பெயரால் படிமத்தைக் கோரினால், இன்று கிடைப்பதும் அடுத்த மாதம் கிடைப்பதும் வேறாகலாம். சுருக்கக்குறியால் கோரினால் அதே படிமமே கிடைக்கும். ஆனால் அது பாதுகாப்பானதா என்பதை, வெளியிடுவோர் யார் என்று பார்த்தும், அறியப்பட்ட குறைபாடுகளைத் தேடும் ஆய்வுக் கருவியால் சோதித்தும் தனியே முடிவுசெய்தல் வேண்டும்.

கடவுச்சொற்களைப் படிமத்தினுள் வைத்துவிட்டு, அடுத்த படியில் அழித்துவிட்டோம் என்று அமைதியடைவது பரவலான பிழை. படிமம் அடுக்குகளால் ஆனது. மேலடுக்கில் அழித்தது கீழடுக்கில் அப்படியே இருக்கும்.

திறந்துகிடக்கும் துறைகள்

வலைப்பின்னலில் ஒரு சேவை காத்திருக்கும் எண்ணிட்ட வாயிலுக்கும் தமிழில் துறை என்ற பெயரே வாய்த்துள்ளது. இக்கரையில் இருந்து எழுதுவோர்க்கு அது பொருத்தமான தற்செயல். முத்துச்சிப்பிகள் கரைசேர்ந்ததும் அவை வேலியிட்ட அடைப்புக்குள் கொண்டுசெல்லப்பட்டு, அங்கேயே எண்ணிப் பங்கிடப்பட்டன. கடற்கரை முழுதும் காவல் போடுவதைக்காட்டிலும் ஓர் அடைப்பின் வாயிலைக் காப்பது எளிது.

டாக்கரில் இதற்கு மாறான இயல்பிருப்பு ஒன்று உண்டு. ஒரு துறையை வெளியிடுமாறு கூறி, முகவரியைக் குறிப்பிடாமல் விட்டால், அத்துறை கணினியின் எல்லா முகவரிகளிலும் திறக்கின்றது. அதனினும் வியப்பானது, உபுண்டு போன்றவற்றில் பயன்படும் யுஎஃப்டபிள்யூ தீயரண் அதனைத் தடுப்பதில்லை. டாக்கர் தன் வழிச்செலுத்தல் விதிகளைத் தானே எழுதிக்கொள்வதால், பொதி தீயரணின் விதிகளை அடையுமுன்பே கொள்கலனுக்குத் திருப்பப்படுகின்றது. தீயரண் நிலையைக் கேட்டால் அத்துறை மூடியிருப்பதாகவே காட்டும். இதனை அறியாதவர், தரவுத்தளத்தை வெளியுலகுக்குத் திறந்துவைத்துவிட்டுத் தீயரணை நம்பியிருப்பார்.

எனவே, வெளியிலிருந்து அணுக வேண்டிய 80, 443 ஆகிய இரு துறைகளை மட்டுமே வெளியிடுதல் வேண்டும். உள்ளிருந்து மட்டும் பார்க்க வேண்டிய சேவை இருப்பின், துறை எண்ணின் முன் 127.0.0.1 என்ற முகவரியைத் தவறாது சேர்க்க வேண்டும். தரவுத்தளம் தேவைப்படின், அதன் துறையை வெளியிடாமலேயே வெளித்தொடர்பற்ற உள்வலைப்பின்னலில் வைக்கலாம். நமது எடுத்துக்காட்டுத் தளத்திற்குத் தரவுத்தளமே வேண்டியதில்லை. சில நூறு ஒலிப்பதிவுகளும் அட்டவணையும் கொண்ட தொகுப்பை நிலையான பக்கங்களாக முன்கூட்டியே ஆக்கிவைத்தால், வழங்கியில் நிரல் எதுவும் இயங்காது. இயங்காத நிரலை எவரும் தாக்கவியலாது.

உரிமைகளைக் குறைத்தல்

கொள்கலனுக்குள் நிரல் முதன்மைப் பயனராகவே இயங்குவது பல படிமங்களின் இயல்பிருப்பு. பயனர் பெயர்வெளி தனியே அமைக்கப்படாவிட்டால், அப்பயனரும் தாய்க்கணினியின் முதன்மைப் பயனரும் எண்ணளவில் ஒருவரே. இதனை மாற்றி, உரிமையற்ற பயனரின் பெயரில் கொள்கலனை இயக்க வேண்டும். அடுத்து, அதன் கோப்பமைப்பை வாசிக்க மட்டும் இயல்வதாக ஆக்கி, தற்காலிகக் கோப்புகளுக்கு மட்டும் நினைவகத்தில் சிறு இடம் ஒதுக்கலாம். உள்ளே நுழைந்தவர் தளப்பக்கங்களைத் திருத்தவோ தம் நிரலை அங்கே பதித்துவைக்கவோ இயலாமற் போகும். கூடுதல் உரிமை பெறுவதைத் தடுக்கும் ‘நோ நியூ பிரிவிலெஜஸ்’ அமைப்பும், நினைவகத்திற்கும் செயல்முறைகளின் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பும் இவற்றுடன் சேர வேண்டும்.

லினக்ஸ் முதன்மைப் பயனரின் அதிகாரத்தைப் பல ஆற்றல்களாகப் பிரித்துள்ளது. டாக்கர் அவற்றுள் சிலவற்றை இயல்பாகவே கொள்கலனுக்குத் தருகின்றது. அனைத்தையும் நீக்கிவிட்டுத் தேவையானதை மட்டும் திரும்பத் தருவதே முறை. இணைய வழங்கிக்குத் தேவைப்படுவது, 1024க்குக் கீழ்ப்பட்ட துறையில் காத்திருக்கும் ஆற்றல் ஒன்றே. டாக்கர் கட்டுப்பாட்டுச் சாக்கெட்டை எந்தக் கொள்கலனுக்குள்ளும் இணைக்கலாகாது. அதனைப் பெற்றவர் தாய்க்கணினியையே பெற்றவர். ‘டாக்கர்’ பயனர் குழுவில் மாணவர்களைச் சேர்ப்பதும் அதற்குச் சமம். தொடக்கத்திலிருந்தே அமைப்போர், முதன்மைப் பயனர் உரிமையில் நிரந்தரமாக இயங்கும் பின்னணிச் சேவையின்றிச் செயல்படும் பாட்மேனைக் கருதலாம்.

சான்றிதழும் கோப்புறைகளும்

வழங்கி மென்பொருளாகக் காடியை இக்கட்டுரை பரிந்துரைக்கின்றது. தளப்பெயரை மட்டும் அறிவித்தால், அது சான்றிதழைத் தானே பெற்றுப் புதுப்பித்து, மறையாக்கமற்ற இணைப்புகளை எச்டிடிபிஎஸ்சுக்குத் திருப்புகின்றது. 2021இல் முறைப்படி கைவிடப்பட்ட டிஎல்எஸ் 1.0, 1.1 பதிப்புகளை ஏற்பதில்லை. என்ஜின்எக்சில் சான்றிதழையும் திருப்புதலையும் நாமே அமைக்க வேண்டும். எனினும், எச்டிடிபிஎஸ் வழியாக மட்டுமே வருமாறு உலாவியைப் பணிக்கும் தலைப்பையும், பிற தளங்களின் நிரல்களை மறுக்கும் உள்ளடக்கக் கொள்கைத் தலைப்பையும் காடியிலும் நாமே சேர்க்க வேண்டும்.

சான்றிதழ்களை வைக்கும் கோப்புறையைக் கொள்கலனுக்கு வெளியே நிலையான தொகுதியில் வைக்காவிட்டால், கொள்கலனை மாற்றும் ஒவ்வொரு முறையும் புதுச் சான்றிதழ் கோரப்படும். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு ஒரே பெயர்த்தொகுதிக்கு வாரத்தில் ஐந்து முறைக்குமேல் தருவதில்லை. சோதனை ஆர்வத்தில் ஆறாம் முறை மாற்றியவரின் தளத்திற்கு அவ்வமைப்பின் புதுச் சான்றிதழ் உடனே கிடைக்காமற் போகலாம்.

வெளியிடாப் பதிவுகளுக்குப் பேரிடர் தருவது கோப்புறைப் பட்டியல். டெபியனில் அப்பாச்சியின் இயல்பிருப்பு, முகப்புக் கோப்பு இல்லாத கோப்புறையின் உள்ளடக்கத்தைப் பட்டியலிட்டுக் காட்டும். ‘திருத்தப்படாதவை’ என்று பெயரிட்டு வைத்த கோப்புறை இவ்வாறு தேடுபொறிக்கு அகப்படும். காடியும் என்ஜின்எக்சும் கேட்டாலன்றிப் பட்டியலிடா. ஆயினும் பட்டியலை மறைப்பது போதாது. இசைவு பெறாத பதிவுகள் வழங்கிக் கணினியிலேயே இருத்தலாகாது. திறந்த இதழ் அமைப்பான ஓஜேஎஸ் வழியாக ஆய்விதழ் நடத்துவோர்க்கும் இது பொருந்தும். கட்டுரையாளர் அனுப்பும் கோப்புகளுக்கான கோப்புறையை இணையத்தில் அணுகக்கூடிய பகுதிக்கு வெளியே வைக்குமாறு அதன் நிறுவல் வழிகாட்டி வலியுறுத்துகின்றது. அதனை மீறினால் மதிப்பீட்டாளர் குறிப்புகளும் வெளியாகக் கூடும்.

பதிவேடும் மீட்பும்

கொள்கலனின் இயக்கப் பதிவுகளை டாக்கர் இயல்பாக எழுதும் கோப்பிற்கு அளவு வரம்பு இல்லை. தானியங்கி நிரல்கள் ஓயாது கதவைத் தட்டும் தளத்தில் அக்கோப்பு வளர்ந்து வட்டினை நிரப்பி, தளத்தையே நிறுத்திவிடும். வரம்பிட்டுச் சுழற்றுமாறு அமைத்தல் எளிது. ஆனால் பழையவற்றை அப்படியே அழித்தலும் தகாது. இந்திய அரசின் சர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று விடுத்த ஆணை, பதிவுகளை 180 நாள் இந்தியாவிற்குள் பாதுகாக்கவும், இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்கவும் பணிக்கின்றது. சுழற்றிய பதிவுகளை நாள்தோறும் வேறிடத்திற்கு நகலெடுப்பது இரண்டு தேவைகளையும் நிறைவேற்றும்.

கொள்கலன் அழியத்தக்கது, தரவுத் தொகுதி அழியலாகாதது. ஒலிப்பதிவுகளின் மூலங்களை வழங்கியோடு தொடர்பற்ற இரண்டு வட்டுகளில், ஒன்று கல்லூரிக்கு வெளியே இருக்குமாறு, வைத்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் வெற்றுக் கணினி ஒன்றில் தளத்தை முதலிலிருந்து எழுப்பிப் பார்த்தல் வேண்டும். அதற்குத் தேவையான அமைவுக் கோப்பு, படிமத்தின் சுருக்கக்குறி, தளப்பெயர்ப் பதிவின் புதுப்பிப்பு நாள், 6 மணி நேரத்திற்குள் எவருக்கு எழுத வேண்டும் என்ற விவரம் ஆகியவை ஒரு குறிப்பேட்டில் அடங்கும். விரிவுரையாளர் பணிமாறும்போது கடவுச்சொற்களும் அவருடன் போய்விடுகின்ற நிலையில், அக்குறிப்பேட்டின் ஒரு படி துறைத்தலைவரிடமும் மற்றொன்று நூலகரிடமும் இருத்தல் வேண்டும்.