வீட்டில் இரண்டு கூடை, வெளியூரில் நம் கழனி

போகிக்கு வீட்டை ஒழித்து, ஒட்டடை அடித்து, கழுவிவிட்டு உட்காருகிறோம். அது முடிந்த மூன்றாம் நாள் காணும் பொங்கல். அதே வீட்டு மனிதர்கள்தான் கட்டுச்சோற்றை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை, கடற்கரை, கோயில் என்று கிளம்புகிறார்கள். சாயங்காலம் அவர்கள் எழுந்து போன இடத்தைப் பார்த்தால், போகி கொண்டாடியது இவங்கதானா என்று சந்தேகம் வரும்.

எங்கள் திருவள்ளூர் மாவட்டம் சென்னைக்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சுற்றுலா மாவட்டம். பூண்டி நீர்த்தேக்கம், பழவேற்காடு ஏரி, சிறுவாபுரி முருகன் கோயில், கும்மிடிப்பூண்டி தாண்டி ஆந்திர எல்லைக்குள் போனால் தடா அருவி. விடுமுறை நாளில் கொல்கத்தா நெடுஞ்சாலையில் சிப்காட் லாரிகளுக்கு நடுவே கார்களும் வேன்களும் ஊர்ந்து போகும். வழியில் நிழலுக்கு ஒரு புங்கமரம், பக்கத்தில் ஒரு வாய்க்கால் தெரிந்தால் வண்டி நின்றுவிடும். அவர்களுக்கு அது நல்ல இடம். நமக்கு அது கழனி வரப்பு.

காணும் பொங்கல் வரும் நேரம்தான் இந்தப் பக்கம் நவரை நடவு. சேடை ஓட்டிய கழனியில் உடைந்த மதுபாட்டில் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். போன நவரையில் எங்கள் கழனியில் நடவுக்கு வந்த ஒரு அம்மாவின் உள்ளங்காலைக் கண்ணாடி கிழித்துவிட்டது. தையல், தடுப்பூசி, ஒரு வாரக் கூலி நஷ்டம். அதற்குப் பிறகு, "சார், அந்த ரோட்டோரக் கழனின்னா நாங்க வரல. கால் வைக்கவே பயமா இருக்கு" என்று மற்ற பெண்களும் சொல்லிவிட்டார்கள். ரசாயனம் போடாத மண்ணில் செருப்பில்லாமல் நடக்கலாம் என்று பெருமை பேசுகிறவர்கள் நாம். அந்தப் பெருமைக்கே வேட்டு!

இதைச் செய்கிறவர்கள் எல்லாம் பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்லிவிடலாமா? அது சரியில்லை. பண்ணை பார்க்க வரும் குடும்பங்களிடம் பேசிப் பார்த்திருக்கிறேன். பல வீடுகளில் மக்கும் குப்பைக்குப் பச்சைக் கூடை, மக்காததற்கு நீலக் கூடை என்று பிரித்துத்தான் வைக்கிறார்கள். பால் கவரைக் கழுவிக் காயவைத்து எடைக்குப் போடுகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். அதே குடும்பம் வெளியே வந்தால் ஏன் மாறுகிறது?

வீட்டில் எல்லாவற்றுக்கும் ஓர் இடமும் நேரமும் உண்டு. காலையில் வண்டி வரும், பிரிக்காமல் கொடுத்தால் தூய்மைப் பணியாளர் கேட்பார், பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பார். வெளியூரில் இந்த மூன்றும் இல்லை. தொட்டி எங்கே என்று தெரியாது. இருந்தாலும் மதியத்துக்குள் நிரம்பி வழியும். பிரித்துப் போட்டாலும் எல்லாம் ஒரே வண்டியில்தானே போகும் என்ற எண்ணம் வேறு. போதாததற்கு, வீட்டில் சொம்பில் தண்ணீர் குடிப்பவர் பயணத்தில் பாட்டில் வாங்குகிறார். குப்பை கூடுகிறது, போட இடம் குறைகிறது. "நாளைக்கு நாம இங்க இருக்கப் போறதில்லை" என்ற நினைப்பு மீதியைச் செய்துவிடுகிறது.

இதற்கு உபதேசம் மட்டும் போதாது. வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு ஒன்று தெரியும். வட்டியை மறந்தாலும் அசலை யாரும் மறக்கமாட்டார்கள். நீலகிரியில் நடந்தது அதுதான். காடுகளில் வீசப்படும் பாட்டில் உடைந்து யானை முதலான விலங்குகளின் காலைக் கிழிக்கிறது என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2022 மே மாதம் முதல் அங்கே டாஸ்மாக் கடைகளில் ஒரு பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. விற்ற பாட்டில்களில் மிகப் பெரும்பகுதி கடைக்கே திரும்பியது. குடித்தவர் வீசிவிட்டுப் போனாலும் 10 ரூபாய்க்காக வேறொருவர் பொறுக்கிக் கொடுத்துவிடுகிறார். உள்ளூர்க்காரரா, சுற்றுலாக்காரரா என்ற பேதமே அங்கு இல்லை. திட்டம் பிறகு படிப்படியாக மற்ற மாவட்டங்களுக்கும் போனது. யானையின் காலுக்குக் கிடைத்த பாதுகாப்பு, நாற்று நடும் பெண்ணின் காலுக்கும் முழுசாகக் கிடைக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

இது புதுசும் இல்லை. கோலி சோடா குடித்தால் பாட்டிலைக் கடையிலேயே வைத்துவிட்டுத்தான் போவோம். வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டுமானால் முன்பணம் கட்டணும். ஜெர்மனியில் ஒருமுறை பயன்படுத்தும் பானப் பாட்டில்களுக்கு 2003 முதல் 25 சென்ட் முன்பணம் பிடிக்கிறார்கள். நம்ம ஊர் சோடாக் கடைக் கணக்கைத்தான் அவர்கள் நாடு முழுக்கப் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் எல்லாக் குப்பையும் பாட்டில் இல்லை. பழைய இரும்பைக் கும்மிடிப்பூண்டி உருக்காலைகள் வாங்கிக்கொள்ளும். தண்ணீர் பாட்டிலைக் காயலான் கடைக்காரர் எடைக்கு எடுப்பார். சிப்ஸ் பாக்கெட்டை யாரும் தொடமாட்டார்கள். அது பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியது. பிரிப்பது லேசில்லை, விலையும் கிடைக்காது. அதனால்தான் கழனியில் கடைசிவரை கிடப்பது அது. மாட்டின் வயிற்றில் போய்ச் சேருவது மீந்த சோற்றோடு முடிச்சுப் போட்ட கேரி பேக். ஒருமுறை மட்டுமே பயன்படும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருந்தும், வரப்பில் இன்னும் பொறுக்கிக்கொண்டுதான் இருக்கிறோம்.

பண்ணைக்குப் பார்வையாளர்களை அழைக்கும் நண்பர்களுக்கு, எங்கள் பண்ணையில் செய்வதைச் சொல்கிறேன்.

வருவதற்கு முன்பே போனில், "தண்ணீர் பாட்டில் வேண்டாம், பானைத் தண்ணீர் இருக்கு" என்று சொல்லிவிடுகிறோம். சாப்பாடு வாழை இலையில், தண்ணீர் எவர்சில்வர் டம்ளரில். இலையும் மிச்சமும் எரு குழிக்கு. அதை அவர்கள் கையாலேயே போட வைக்கிறோம். பிள்ளைகளுக்கு அதுதான் விளையாட்டு. பாட்டிலுக்கு ஒன்று, மற்ற மக்காததற்கு ஒன்று என இரண்டு கோணிப்பை, வண்டி நிறுத்தும் இடத்திலேயே கண்ணில் படும்படி தொங்குகிறது. சிப்ஸ் பாக்கெட் மட்டும் கொண்டுவந்தவரோடு திரும்பிப் போக வேண்டும். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கேட்கிற ஆள் இருந்தால் வெளியூரும் வீடாகிவிடுகிறது.

ரோட்டோரக் கழனிக்கு இது போதாது. அங்கே ஊராட்சியின் துணை வேண்டும். வண்டி நிற்கிற மரங்கள் எவை என்று நமக்குத்தான் தெரியும். அவற்றைக் குறித்து, தொட்டி வைக்கவும் திருவிழா, விடுமுறைக்கு மறுநாளே அள்ளவும் கிராம சபையில் தீர்மானம் கேட்போம். ஜனவரி 26 கிராம சபை, காணும் பொங்கல் முடிந்து பத்து நாளில் வருகிறது. கழனியில் பொறுக்கியதை ஒரு கோணியில் கட்டி எடுத்துக்கொண்டு போங்கள். மனுவை விட அது நன்றாகப் பேசும்.