ஈட்டி மரமும் கிதார் தந்தியும்: ஜெனீவாவில் விலக்கு யாருக்குக் கிடைத்தது?

புது தில்லி: தலைநகரின் தரியாகஞ்ச் பகுதியில், நேதாஜி சுபாஷ் மார்க்கை ஒட்டி இசைக்கருவிக் கடைகள் பல உள்ளன. ஆர்மோனியம், தபலா, சிதார் ஆகியவற்றை நாடி வருவோருக்கு இணையாக, கிதாரை நாடி வருவோரும் அங்கு உண்டு. கல்லூரி மாணவர்களும் விடுதிகளில் வாசிக்கும் கலைஞர்களும் மாலையில் அங்கு கூடினால் வாங்குவதைவிடப் பேசுவதே அதிகம். எந்தக் கனத்தில் தந்தி போட்டால் விரல் நோகாது, தந்திக்கும் பலகைக்கும் இடையே எவ்வளவு உயரம் இருக்கலாம், வால்வு பொருத்திய பழைய ஆம்ப்ளிஃபயரின் ஒலி புதியவற்றில் கிடைக்குமா - இப்படி நீளும் இந்தப் பேச்சு.

தில்லியின் தட்பவெப்பமும் இதில் பங்கு பெறும். மே மாத அனல் காற்றில் மரம் வறண்டு சுருங்கும். அப்போது உலோகக் கட்டைகளின் முனைகள் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு வாசிப்பவரின் கையைக் கிழிக்கும். மழைக்காலத்தில் மரம் உப்பி, தந்தி எழும்பிவிடும். கிதாரைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டே தூங்கப்போகும் பழக்கம் தில்லிக் கலைஞர்களிடம் வெறும் பக்தியால் வந்ததல்ல.

ஆனால், கிதார் கலைஞர்கள் எங்கு கூடினாலும் கடைசியில் பேச்சு வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: மரம். மேப்பிள் கூர்மையாக ஒலிக்கும், மஹோகனி அடக்கமாக ஒலிக்கும், ரோஸ்வுட் ஆழமாகவும் நிறைவாகவும் ஒலிக்கும் என்பது உலகம் முழுவதும் கிதார் வாசிப்போரிடையே வேரூன்றிய நம்பிக்கை. இடது கை விரல்கள் ஓடும் விரல்பலகைக்கும், கிதாரின் முதுகுப் பகுதிக்கும் ரோஸ்வுட்டே வேண்டும் என்று கேட்டு வாங்குவோர் ஏராளம்.

அவர்கள் கேட்டு வாங்கும் ரோஸ்வுட்டில் பெரும்பகுதி தமிழர்களுக்கு அறிமுகமான மரம்தான். கூடலூரிலும் வயநாட்டிலும் குடகிலும் வளரும் ஈட்டி அது. தோதகத்தி என்றும் அதற்குப் பெயர் உண்டு. தாவரவியலில் டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா. சந்தனமும் செம்மரமும் செய்திகளில் அடிபட்ட அளவுக்கு இது அடிபட்டதில்லை. ஆனால் இந்த மரத்தை முன்வைத்து நாஷ்விலிலும் ஜெனீவாவிலும் தில்லியிலும் நடந்த அரசியல் சாதாரணமானதல்ல.

பிரேசிலின் இடத்தில் இந்தியா

முதலில் கிதார் உலகம் கொண்டாடியது பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டைத்தான். 1960-களின் இறுதியில் அந்நாடு பதப்படுத்தாத ரோஸ்வுட் கட்டைகளின் ஏற்றுமதியைத் தடுத்தது. அமெரிக்காவின் புகழ்பெற்ற மார்ட்டின் நிறுவனம் 1969-ல் இந்திய ஈட்டிக்கு மாறியது, மற்றவர்களும் பின்தொடர்ந்தனர். பிரேசில் மரம் 1992-ல் 'சைட்டிஸ்' எனப்படும் அருகிவரும் உயிரினங்களின் வணிகம் குறித்த பன்னாட்டு ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன் வணிகம் ஏறக்குறைய முற்றாக நின்றுபோனது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக, உயர்தரக் கிதார்களின் முதுகாக இருப்பது பெரும்பாலும் இந்திய ஈட்டியே.

இந்தியாவோ மரமாகவோ அறுத்த பலகையாகவோ ஈட்டியை ஏற்றுமதி செய்ய அனுமதிப்பதில்லை. மரம் வெளியே போகவேண்டுமானால் இங்கு ஒரு தொழிலாளியின் கை பட்டு, பொருளாக மாறிய பிறகே போகவேண்டும் என்பது கொள்கை. காட்டுக்குக் காவல், உள்நாட்டில் வேலைவாய்ப்பு என இரண்டையும் கருதிய கொள்கை இது. கேட்பதற்கு எளிது, எது மரம், எது பொருள் என்று கேட்டால்தான் சிக்கல்.

அந்தச் சிக்கல் 2011 ஆகஸ்ட் 24-ல் அமெரிக்காவில் வெடித்தது. கிப்ஸன் கிதார் நிறுவனத்தின் நாஷ்வில், மெம்பிஸ் தொழிலகங்களில் மத்திய அரசு முகவர்கள் ஆயுதங்களுடன் நுழைந்து, இந்தியாவிலிருந்து வந்த ஈட்டி, கருங்காலி விரல்பலகைகளைப் பறிமுதல் செய்தனர். லேசி சட்டம் என்ற அமெரிக்கச் சட்டம் 2008-ல் திருத்தப்பட்டிருந்தது. அதன்படி, வேறொரு நாட்டின் சட்டத்தை மீறி வெட்டப்பட்ட அல்லது ஏற்றுமதியான மரத்தை அமெரிக்காவுக்குள் கொண்டுவருவது குற்றம். ஆகவே, அமெரிக்க அதிகாரிகள் அங்கு விளக்கம் சொல்லவேண்டியிருந்தது இந்தியச் சட்டத்துக்கு. 10 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட அந்தப் பலகைகள் இந்தியாவில் புறப்படும்போது 'இசைக்கருவி உதிரிப்பாகம்' என்று பதிவாகி, அமெரிக்காவில் இறங்கும்போது 'மெல்லிய மரத்தகடு' என்று பதிவாகியிருந்தன. முந்தையது ஏற்றுமதிக்கு அனுமதிக்கப்பட்டது. தகடு என்றாலோ 6 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும். இரண்டும் இல்லை, வெறும் அறுத்த பலகைதான் என்று முடிவானால் தடை செய்யப்பட்ட சரக்கு.

குடியரசுக் கட்சியினர் இதைக் கையில் எடுத்துக்கொண்டனர். அமெரிக்கத் தொழிலாளி இழைக்கவேண்டிய பலகையை இந்தியத் தொழிலாளி இழைத்து அனுப்பினால்தான் சட்டம் ஏற்குமா என்பது அவர்கள் கேள்வி. ஒபாமா அரசு வேலைவாய்ப்பை இந்தியாவுக்குத் தாரைவார்க்கிறது என்ற பிரசாரமும் எழுந்தது. அதே ஆண்டில், தில்லியிலுள்ள வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் அதிகாரி ஒருவர், விரல்பலகை என்பது முடிவுற்ற பொருளே, அதன் ஏற்றுமதிக்குத் தடையில்லை என்று கடிதம் அளித்தார்.

வழக்கு 2012 ஆகஸ்டில் சமரசத்தில் முடிந்தது. கிப்ஸன் 3 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. ஆனால் அது ஏற்றுக்கொண்ட தவறு, 2009-ல் நடந்த முந்தைய சோதனையில் சிக்கிய மடகாஸ்கர் கருங்காலி தொடர்பானது. இந்திய மரத்தைப் பொருத்தவரை வகைப்பாட்டில் தெளிவின்மை இருப்பதை அமெரிக்க அரசு ஏற்றுக்கொள்ள, பலகைகள் திரும்பி வந்தன. அவற்றைக் கொண்டு 'கவர்ன்மென்ட் சீரீஸ்' என்ற பெயரிலேயே கிதார் செய்து விற்றது கிப்ஸன். வியாபாரிக்குப் பறிமுதலும் விளம்பரம்தான்.

கிதாரும் கட்டிலும்

நாஷ்வில் வழக்கு ஒரு நிறுவனத்தோடு நின்றது. 2017 ஜனவரி 2-ல் வந்தது உலகம் முழுமைக்குமான விதி. சைட்டிஸ் ஒப்பந்த நாடுகள் முந்தைய ஆண்டில் ஜோஹன்னஸ்பர்க்கில் கூடி எடுத்த முடிவின்படி, ஈட்டியை உள்ளடக்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. வணிகம் நடக்கலாம், ஆனால் ஒவ்வொரு ஏற்றுமதிக்கும் ஆவணம் வேண்டும்.

இதற்குக் காரணம் கிதார் அல்ல. சீனாவில் வசதி படைத்தோர் விரும்பும் 'ஹோங்மு' எனும் செம்மர வகை அறைகலன்களுக்காக ஆப்பிரிக்கா முதல் தென்கிழக்கு ஆசியா வரை ரோஸ்வுட் காடுகள் சூறையாடப்பட்டன. 2005 முதல் 2014 வரை உலகெங்கும் பறிமுதலான சட்டவிரோத வனப் பொருள்களின் மதிப்பில் 35 சதவீதம் ரோஸ்வுட்டுக்குரியது என்கிறது ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் 2016-ல் வெளியிட்ட அறிக்கை. யானைத் தந்தமும் காண்டாமிருகக் கொம்பும் அதற்குப் பின்னால்தான்.

ஆயினும் விதி கிதாரையும் பிடித்தது. பழைய கிதாரை வெளிநாட்டில் உள்ளவருக்கு விற்க நினைத்தவரும் அனுமதிச் சீட்டுக்கு அலைய நேர்ந்தது. மெக்சிகோவில் தயாராகும் தன் கிதார்களில் ரோஸ்வுட்டைக் கைவிட்டு, 'பாவ் ஃபெரோ' என்ற தென் அமெரிக்க மரத்துக்கு மாறியது ஃபெண்டர் நிறுவனம். தந்தி, ஆம்ப்ளிஃபயர் என்று பேசிக்கொண்டிருந்த கலைஞர்கள் பட்டியல் எண்களையும் தாவரவியல் பெயர்களையும் பேசத் தொடங்கினர்.

மேற்கத்திய இசைக்குழுக்களும் கருவித் தயாரிப்பாளர்களின் கூட்டமைப்புகளும் சும்மா இருக்கவில்லை. அடுத்த மாநாடு 2019 மே மாதம் கொழும்பில் நடப்பதாக இருந்தது. ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளால் அது தள்ளிப்போய், ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடியது. முடிவுற்ற இசைக்கருவிகள், அவற்றின் முடிவுற்ற உதிரிப்பாகங்கள் ஆகியவற்றுக்கு அங்கு முழு விலக்கு கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பர் 26 முதல் அது நடைமுறைக்கும் வந்தது.

அதே மாநாட்டில் இந்தியாவின் கோரிக்கை ஒன்றும் இருந்தது. வங்கதேசம், பூடான், நேபாளத்துடன் சேர்ந்து அது கேட்டது, ஷீஷம் மரத்தைப் பட்டியலிலிருந்து நீக்கவேண்டும் என்பது. ஷீஷம், ஈட்டியின் உறவு மரம். வட இந்தியாவில் வாய்க்கால் கரைகளிலும் வயல் வரப்புகளிலும் தானாகவே வளர்வது, வேகமாக வளர்வது, அழிவின் விளிம்பில் இருப்பதாக யாரும் சொல்லாத மரம். தில்லிக்கு வடக்கே சஹாரன்பூரில் செதுக்கு வேலை செய்வோரும், ஜோத்பூரில் மேசை, நாற்காலி, கட்டில் செய்வோரும் இதை நம்பியே வாழ்கின்றனர். அறுத்த பலகைகளைப் பார்த்து ஒரு டால்பெர்ஜியாவை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவது சுங்க அதிகாரிகளுக்குக் கடினம் என்பது எதிர்த்தவர்களின் வாதம். கோரிக்கை தோற்றது.

கிதாருக்குக் கதவு திறந்த அதே அரங்கில் கட்டிலுக்கு அது பாதிதான் திறந்தது. ரோஸ்வுட்டின் எடை 10 கிலோவைத் தாண்டினால் ஆவணம் கட்டாயம். இந்த 10 கிலோ என்பது மொத்தச் சரக்குக்கா, ஒவ்வொரு பொருளுக்குமா என்ற குழப்பம் தீர மேலும் 3 ஆண்டுகள் ஆயின. 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த மாநாட்டில்தான், ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே எடை போடலாம் என்ற விளக்கத்தை இந்தியா பெற்றது. பட்டியலில் சேர்ப்பதற்கு முன் ஆண்டுக்கு சுமார் ரூ. 1,000 கோடியாக இருந்த ஏற்றுமதி ரூ. 500 - 600 கோடியாகச் சரிந்தது என்றும், சுமார் 50 ஆயிரம் கைவினைஞர்களின் வாழ்வாதாரம் பாதிக்கப்பட்டது என்றும் மத்திய அரசே அப்போது தெரிவித்தது. இசைக் கலைஞர்களின் கோரிக்கையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்களுக்கு ஜெனீவாவில் குரல் கொடுக்க ஆளிருந்தது. சஹாரன்பூர்க்காரருக்காகப் பேசியவர்களின் குரல் அங்கு எடுபடவில்லை.

காது சொல்லும் சாட்சி

இத்தனைக்கும் அடிப்படையான நம்பிக்கை, அதாவது ரோஸ்வுட்டின் ஒலியே தனி என்பது, எந்த அளவுக்கு உண்மை? பிரிட்டனின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டனர். அனுபவம் மிக்க ஒரு கைவினைஞரைக் கொண்டு ஒரே அளவில், ஒரே வடிவில் 6 கிதார்கள் செய்யப்பட்டன. முதுகும் பக்கங்களும் மட்டும் வெவ்வேறு மரம். அரிதான பிரேசில் ரோஸ்வுட்டும் இந்திய ஈட்டியும் மஹோகனியும் மேப்பிளும் அவற்றில் அடக்கம். மங்கிய ஒளியில், வெல்டர்கள் அணியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு 52 கலைஞர்கள் வாசித்துப் பார்த்தனர். ஒலித்தரத்தில் சொல்லத்தக்க வேறுபாடு எதையும் அவர்களால் காணமுடியவில்லை.

ஸ்பெயினின் கிதார் தச்சர் அந்தோனியோ தெ தோரஸ் 1862-லேயே இதைச் செய்து காட்டியவர். முன்பலகை மட்டும் மரமாக, முதுகும் பக்கங்களும் காகிதக் கூழாலான கிதார் ஒன்றை அவர் செய்தார். அது பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விரல்பலகை வேறு விஷயம். உராய்வைத் தாங்கும் கடினமான மரம் அதற்கு வேண்டும். அதுவும் ஈட்டியாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. கண்ணால் பார்த்த நிறத்தையும் கேள்விப்பட்ட பெயரையுமே காது ஒலியாகக் கேட்கிறது போலும்.

இந்த ஆய்வை அறிந்த பின்னும் கலைஞர்கள் ரோஸ்வுட்டையே கேட்கிறார்கள். அதைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. விரலுக்குப் பழகிய பலகையை மாற்றிக்கொள்வது, வீணை வாசிப்பவரிடம் பலா மரத்தை விட்டுவிடு என்று சொல்வதைப் போன்றது.

பாதுகாப்பு யாருக்கு?

வெளியே இவ்வளவு விதிகள் இருக்க, உள்ளே நிலைமை என்ன? கேரளத்தில் 2020 அக்டோபரில் வருவாய்த்துறை பிறப்பித்த ஓர் உத்தரவு, பட்டா வழங்கப்பட்ட நிலங்களில் உள்ள மரங்களை வெட்ட வழி செய்தது. அதைச் சாக்காக வைத்து வயநாட்டின் முட்டில் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஈட்டி மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. நிலம் பழங்குடியினருடையதும் சிறு விவசாயிகளுடையதும். கிடைத்த பணம் அவர்களுக்குச் சொற்பம். உத்தரவு 2021 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. வெட்டப்பட்டவற்றுள் சில 500 ஆண்டுகளைக் கடந்தவை என்று பின்னர் நடந்த ஆய்வில் தெரியவந்தது.

தமிழகத்தில் 1994-ஆம் ஆண்டின் ஈட்டி மரப் பாதுகாப்புச் சட்டம், தனியார் நிலத்திலும் அனுமதியின்றி இம்மரத்தை வெட்டுவதைத் தடுத்தது. 15 ஆண்டுகளுக்கென்று கொண்டுவரப்பட்டு, 2010-ல் மேலும் 15 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்ட சட்டம் அது. அந்தக் காலமும் 2025 பிப்ரவரியில் முடிந்தது. ஜன்மம் நிலப் பிரச்னை தீராமல் இழுபடும் கூடலூர்ப் பகுதியில், எந்த மரம் யாருக்குச் சொந்தம் என்பதே வழக்குகளில் நிற்கும் இடங்களில், இதன் விளைவு குறித்துச் சூழல் ஆர்வலர்கள் கவலை தெரிவித்துள்ளனர். இத்தகைய சட்டங்களுக்கு எதிராக விவசாயிகள் நெடுங்காலமாகச் சொல்லும் வாதம் ஒன்றும் உண்டு: வெட்ட முடியாத மரத்தை யார் வளர்ப்பார்கள்? அதனால் தானாக முளைக்கும் ஈட்டிக் கன்றைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள் என்பது.

இந்தோனேசியாவின் ஜாவா தீவில் நிலைமை வேறு. அங்கு டச்சுக்காரர் ஆட்சியில் தோட்டப் பயிராக வளர்க்கப்பட்ட இதே ஈட்டி, 'சோனோகெலிங்' என்ற பெயரில் பெருமளவில் வெட்டி விற்கப்படுகிறது. கிழக்கு ஆசியாவில் தயாராகித் தரியாகஞ்ச் கடைகளுக்கு வரும் கிதார்களில் 'இந்திய ரோஸ்வுட்' என்று எழுதியிருந்தாலும், அந்த மரம் ஜாவாவிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.