பளபளக்குது பெயிண்ட்... பல்லிளிக்குது லேத்!

பழைய மெஷினின் குட்டை உடைக்கும் சைக்கிள் கம்பி

புதுப் பச்சை பெயிண்ட். தொட்டால் கையில் ஒட்டும் கிரீஸ். "ஒரே ஓனர் ஓட்டினது தம்பி. கம்பெனி கண்டிஷன்!" என்று தரகர் சத்தியம் செய்கிறார். மனைவியின் நகையை அடகு வைத்த பணம் இளைஞரின் பையில் கனக்கிறது.

பழைய லேத் வாங்கப் போகிறவர்களுக்குப் பழக்கமான காட்சி இது. பணத்தை எண்ணிக் கொடுப்பதா? திரும்பி நடப்பதா?

அதைச் சொல்ல லட்ச ரூபாய்க் கருவி வேண்டாம். ஒரு சைக்கிள் ஸ்போக் கம்பி, காயலான் கடையில் கிடக்கும் ஷாக் அப்சார்பர் தண்டு. இரண்டும் போதும்!

குற்றவாளி யார்?

விழுப்புரத்தை அடுத்த கெடார் வட்டாரத்தில் நெல்லும் கரும்பும்தான் பிழைப்பு. பம்ப் செட் ஷாஃப்ட் தேய்ந்தாலும், டிராக்டர் புஷ் போனாலும் விவசாயி ஓடுவது லேத் பட்டறைக்குத்தான்.

பேரிங் உட்காரும் இடத்தில் ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து அதில் இரண்டு, மூன்று பங்கு குறைந்தாலே தொல்லை. பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்டில் வழுக்கும். சூடேறும். ஷாஃப்ட் மறுபடி கெடும். தண்ணீர் நிற்கும், பயிர் வாடும்.

"எவன்யா இதைக் கடைஞ்சது?" என்று திட்டு வாங்குபவர் பட்டறைக்காரர். ஆனால் உண்மைக் குற்றவாளி தேய்ந்துபோன லேத்தாக இருக்கும்!

தேய்வது எங்கே?

லேத்தின் முதுகெலும்பு 'பெட்'. அதன் மேல்தான் சேடில் முன்னும் பின்னும் ஓடுகிறது. பட்டறைக்கு வரும் வேலைகளில் பெரும்பாலானவை குட்டை வேலைகள். சக்கை ஒட்டியே கடைசல் நடக்கும். இரும்புத் துகளும் தூசியும் அங்கேதான் விழும். அந்த இடம்தான் அதிகம் தேயும். டெயில் ஸ்டாக் பக்கம் புதுசு மாதிரியே இருக்கும். தரகர் தடவிக் காட்டுவதும் அந்தப் பக்கத்தைத்தான்!

கருவியே இல்லாத சோதனை ஒன்று உண்டு. முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். சேடிலின் அடித்தகட்டை முடுக்கும் வசதி இருந்தால், சக் அருகே வைத்து ஆட்டம் போகும்வரை முடுக்க வேண்டும். பிறகு கைச்சக்கரத்தைச் சுற்றி டெயில் ஸ்டாக் பக்கம் ஓட்ட வேண்டும். வழியில் இறுகிக்கொண்டதா? தேய்மானம் உண்டு என்று அர்த்தம்.

எவ்வளவு தேய்மானம்? அதைச் சொல்லத்தான் ஸ்போக் கம்பி.

கம்பி சாட்சி

ஒரு சிறு இரும்புத் துண்டில் ஊசி அடித்து, அதன் மேல் கம்பி தராசு முள் போல ஆடும்படி பொருத்த வேண்டும். ஊசியிலிருந்து மூக்குப் பக்கம் 1 சென்டிமீட்டர். வால் பக்கம் 20 சென்டிமீட்டர். வால் நுனிக்குக் கீழே கிராஃப் தாள் ஒட்டிய அட்டை. மூக்கை லேசாக அழுத்த ஒரு ரப்பர் பேண்ட்.

மூக்கு 0.05 மில்லிமீட்டர் நகர்ந்தால் வால் 1 மில்லிமீட்டர் நகரும். இருபது மடங்கு! சரிதானா என்று பார்க்க, ஸ்பார்க் பிளக் இடைவெளி பார்க்கும் ஃபில்லர் கேஜின் மெல்லிய தகட்டை மூக்கில் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஷாக் அப்சார்பர் தண்டு கிரைண்டிங் செய்து குரோம் பூசியது, வழவழப்பானது. அதை இரண்டு சென்டர்களுக்கு நடுவே மாட்ட வேண்டும். கம்பிக் கருவியை டூல் போஸ்டில் பிடித்து, மூக்கைத் தண்டின் பக்கவாட்டில் வைக்க வேண்டும். டூல் பக்கவாட்டில் 0.05 விலகினால் கடையும் பொருளின் விட்டத்தில் 0.10 பிசகும். அதனால்தான் பக்கவாட்டு.

இனி சேடிலை சக் பக்கம் மெல்ல ஓட்ட வேண்டியதுதான். முள் சீராக ஒரே பக்கம் நகர்ந்தால் சென்டர்கள் நேர்கோட்டில் இல்லை. டெயில் ஸ்டாக்கைத் திருத்தினால் சரியாகும். நேராக வந்த முள், சக்கை நெருங்கும்போது திடீரென்று வளைகிறதா? மாட்டிக்கொண்டது தேய்மானம்!

சாட்சியே பொய் சொன்னால்?

தண்டே வளைந்திருந்தால் என்ன செய்வது? அதற்கும் வழி உண்டு. தண்டை அரைச் சுற்று திருப்பி மீண்டும் ஓட்ட வேண்டும். தண்டின் கோணல் எதிர்ப்பக்கம் போய்விடும். லேத்தின் கோணல் அதே இடத்தில் நிற்கும். இரண்டு கணக்கையும் கூட்டிப் பாதி எடுத்தால் உண்மை வெளியே வரும்.

இது பெரிய மேதைகள் கையாண்ட தந்திரம். 1840-ல் கிளாஸ்கோவில் கூடிய அறிஞர் சபையில் இங்கிலாந்து என்ஜினீயர் ஜோசப் விட்வொர்த் சமதளத் தகடு செய்யும் முறையை விளக்கினார். இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால், ஒன்று குழி, ஒன்று மேடு என்று கூட்டுக் களவாணிகளாகப் பொருந்திவிடும். மூன்றாவது தகட்டை மாறி மாறி வைத்தால் குட்டு உடையும்! 1927-ல் ஜெர்மன் பேராசிரியர் ஷ்லெசிங்கர் வெளியிட்ட மெஷின் சோதனை முறைகளே இன்றைய தரச் சோதனைகளுக்கு அடிப்படை.

கடைசி விசாரணை ஓட விட்டுப் பார்ப்பது. தடித்த இரும்புத் தண்டைச் சக்கில் மட்டும் பிடித்து, 15 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு வளையம் விட்டு, டூலை அசைக்காமல் இரண்டையும் லேசாகக் கடைய வேண்டும். மைக்ரோமீட்டரில் இரண்டும் ஒரே அளவு காட்டினால் நல்லது. வித்தியாசம் வந்தால் தலைப்பகுதி கோணலா, பெட் முறுக்கிக்கொண்டதா, தேய்மானமா என்று பார்க்க வேண்டும். முதலில் லெவல் வைத்துக் காலைச் சரிசெய்து மறுபடி கடைந்து பார்ப்பது புத்திசாலித்தனம்.

தேய்ந்த லேத் உதவாக்கரை அல்ல. முரட்டு வேலைக்கு ஆகும். பெட்டை மறுபடி கிரைண்டிங் செய்யவும் முடியும். ஆனால் அந்தச் செலவை விலையில் கழிக்காமல் வாங்குபவர் ஏமாளி.

"இன்னா தம்பி, கம்பிய வச்சிக்கினு வெளையாடுற?" என்று தரகர் சிரிக்கலாம்.

பதில் இதுதான்: "நாளைக்கு நீங்க கம்பி நீட்டிடக் கூடாதே... அதான் இன்னிக்கே நான் கம்பிய நீட்டுறேண்ணே!"